ஏற்காட்டுச் சாரணர் முகாமும் மறைத்து வைத்த ஒரு விஷயமும்

கேள்வி: எங்கள் ஒரே மகனுக்கு 12 வயது. ஏழாம் வகுப்பு முடிக்கப் போகிறான். சென்ற ஆண்டு பள்ளிச் சாரணர் படையில் சேர்ந்தான். மே மாத நடுவில் ஏற்காட்டில் ஆறு நாள் கோடை முகாம், கூடாரத்தில் தங்கல். போயே தீருவேன் என்கிறான். கணவரும் அனுப்பலாம் என்கிறார். “ஒத்தைப் பிள்ளையைப் பட்டாளத்துக்காரர் மாதிரி காட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டுமா?” என்று மாமியார் கேட்கிறார். என் தயக்கம் வேறு. வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் அவன் இன்னமும் படுக்கையை நனைத்துவிடுகிறான். வீட்டுக்கு வெளியே இது யாருக்கும் தெரியாது. எங்களை விட்டு ஓர் இரவுகூட அவன் வெளியில் தங்கியதில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி நிறுத்திவிடலாமா? அனுப்புவதானால் என்னென்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்புங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகே இதை எழுதுகிறேன். உடம்பு சரியில்லை என்று பள்ளிக்குச் சொல்லி நிறுத்தினால், உண்மைக் காரணம் என்ன என்பது உங்கள் மகனுக்கு உடனே தெரிந்துவிடும். தன் உடம்பு பிறர் முன் ஒளித்து வைக்க வேண்டிய ஒன்று என்று அவன் மனத்தில் பதிந்துபோகும் அந்த எண்ணம், நனைந்த படுக்கையைப் போல ஒரு வெயிலில் காய்ந்துவிடக் கூடியது அல்ல.

குழந்தை மருத்துவன் என்ற முறையில் பல கோடைகளில் பள்ளிச் சாரணர் முகாம்களுக்கு முகாம் மருத்துவராகப் போய் வந்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில் நான் பார்த்த ஒரு சிறுவனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் காலைக் கொடியேற்றத்தின்போது அவன் தலைசுற்றி விழுந்தான். நாக்கு வறண்டிருந்தது, முந்தின நாள் பகலில் ஒரே ஒரு முறைதான் சிறுநீர் கழித்திருந்தான். தனியே அழைத்துப் பேசியபோது விஷயம் வெளிவந்தது. இரவில் படுக்கை நனைந்துவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு நாட்களாக அந்த வெயிலிலும் நடையிலும் அவன் தண்ணீரையே குறைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அவன் பெற்றோர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. “பார்த்து நடந்துகொள்” என்று அவனிடம் மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலில் அரை நாளில் அவன் தேறிவிட்டான் என்றாலும், படுக்கை நனைவதால் வரும் ஆபத்தைவிட அதை மறைப்பதால் வரும் ஆபத்து பெரிது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

படுக்கை நனைத்தலை ஒரு கெட்ட பழக்கமாகவோ, சோம்பலாகவோ, வளர்ப்பின் குறையாகவோ எண்ண வேண்டாம். ஐந்து வயதில் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 15 பேருக்கும், பத்து வயதில் ஏறத்தாழ 5 பேருக்கும் இது இருக்கிறது; எந்தச் சிகிச்சையும் இல்லாமலே ஆண்டுதோறும் இவர்களில் ஒரு பகுதியினர் தாமாகவே விடுபட்டுவிடுகிறார்கள். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன் போதிய அளவு சுரக்காமை, சிறுநீர்ப்பை நிறைந்த சேதி மூளையை எட்டினாலும் உறக்கம் கலையாமை, சிறுநீர்ப்பை கொள்ளும் அளவு சிறிதாக இருத்தல் ஆகிய மூன்றும் வெவ்வேறு விகிதத்தில் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன. பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இது இருந்திருந்தால் பிள்ளைக்கும் வருவதற்கு நூறில் நாற்பது அளவுக்கு வாய்ப்புண்டு. ஆகவே, முகாமுக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லும் உங்கள் மாமியாரிடமே, அவருடைய மகன் எந்த வயது வரை பாயை நனைத்தார் என்று ஒருமுறை பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சின் தொனியே மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

முகாமுக்கு இன்னும் இரண்டு மாதம் இருப்பதால், இந்த வாரமே ஒரு குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிறந்தது முதலே இப்படியா, அல்லது ஆறு மாதத்துக்கு மேல் நன்றாக இருந்துவிட்டு மீண்டும் தொடங்கியதா என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இடையில் நின்று மீண்டும் தொடங்கியதென்றால், சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய், மனத்தை அழுத்தும் ஏதேனும் நிகழ்வு ஆகியவற்றை அவர் தேடிப் பார்ப்பார். எளிய சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று எப்படியும் தேவை. மலச்சிக்கல் இருக்கிறதா என்பதையும் கேட்பார். பெற்றோர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் குடலில் தங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதால், மலச்சிக்கலைச் சரிசெய்த அளவிலேயே படுக்கை நனைவது நின்றுபோன பிள்ளைகள் உண்டு. முகாமில் கழிப்பறை பிடிக்காமல் இரண்டு மூன்று நாள் அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம் என்பதால், காலையில் வேளை தவறாமல் போகும் வழக்கத்தை இப்போதே உண்டாக்கிவிடுவது நல்லது.

ஈரம் பட்டதும் ஒலி எழுப்பிப் பிள்ளையை எழுப்பும் அலாரக் கருவி நிலையான பலன் தரக்கூடியது. ஆனால் அதற்குப் பொதுவாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும் என்பதாலும், கூடாரத்தில் அது ஒலித்தால் அவன் மறுநாள் யார் முகத்திலும் விழிக்க விரும்பமாட்டான் என்பதாலும், அதை முகாம் முடிந்தபின் விடுமுறையில் தொடங்கலாம். முகாம் நாட்களுக்கு மட்டும், இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் டெஸ்மோப்ரெசின் என்ற மாத்திரையைச் சில மருத்துவர்கள் தருவதுண்டு. மருத்துவர் அதைப் பரிந்துரைத்தால், குறைந்தது இரண்டு வாரமாவது வீட்டில் கொடுத்துப் பார்த்து, அளவும் பலனும் தெரிந்த பிறகே முகாமுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அந்த மாத்திரை போடும் இரவுகளில், போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து அடுத்த எட்டு மணி நேரம் வரை தண்ணீரை மிகவும் குறைத்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் இரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். பாசறைத் தீயைச் சுற்றிப் பாடியும் கூச்சலிட்டும் தொண்டை காய்ந்த பிள்ளைகள் அதன் பிறகு சொம்பு சொம்பாகக் குடிப்பார்கள் என்பதால், மாத்திரை அவன் பையில் இருக்கக் கூடாது. பொறுப்பாசிரியரின் கையில் இருக்க வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ உள்ள நாளில் அதைக் கொடுக்கவே கூடாது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பகலில் மட்டும் அவன் தண்ணீரைக் குறைக்கவே கூடாது. மாலைக்குள் அன்றைய தண்ணீரின் பெரும்பகுதியைக் குடித்துவிட வேண்டும் என்று கணக்காகச் சொல்லிக் கொடுத்தால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே விளங்கும்.

இனி, நீங்கள் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பேச்சுக்கு வருகிறேன். சாரண ஆசிரியரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். ஆனால், உங்கள் மகனுக்குத் தெரியாமல் சொல்லக் கூடாது. அவனை உட்கார வைத்து, இன்னாரிடம், இன்ன விஷயத்தை மட்டும் சொல்லப் போகிறேன் என்று கூறி, அவன் சம்மதத்தைப் பெற்றபின் சொல்லுங்கள். முடிந்தால் அவனையும் உடன் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். அனுபவமுள்ள சாரண ஆசிரியருக்கு இது புதுச் செய்தியாக இராது. நாற்பது பேர் கொண்ட முகாமில் இதே தொல்லையுடன் இன்னொருவனாவது இருப்பதற்கு நல்ல வாய்ப்புண்டு. அவன் வீட்டிலும் யாரோ இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இந்நேரம் யோசித்துக்கொண்டிருக்கக் கூடும்.

ஆசிரியரிடம் மூன்று உதவிகள் கேளுங்கள். கூடாரத்தின் வாசலோரம் இவனுக்கு இடம். இரவு பதினொரு மணி வாக்கில் சுற்றுக்காவல் வருகையில் வெளியிலிருந்து பெயர் சொல்லி எழுப்பிவிடுதல். விடியலில் மற்றவர்களுக்குச் சற்று முன்பாக எழுந்து உடை மாற்றிக்கொள்ள அனுமதி. படுக்கைக்கு அடியில் விரிக்க ஒரு ரப்பர் ஷீட், கரு நிற லுங்கியோ போர்வையோ இரண்டு, மாற்றுக் கால்சட்டைகள், ஈரத் துணியைப் போட்டுக் கட்ட நீர் ஒழுகாத உறை ஒன்று ஆகியவற்றைப் பையின் அடியில் தனியே வைத்துக்கொள்ளலாம். இரவில் மட்டும் அணியும் உறிஞ்சு உள்ளாடைகள் பெரிய பிள்ளைகளின் அளவிலும் கிடைக்கின்றன. அவன் விரும்பினால் மட்டும் வாங்குங்கள்.

இந்தப் பையை யார் கட்டப் போகிறார்கள்? உங்கள் கடிதத்தில் “என்னென்ன செய்ய வேண்டும்” என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் செய்ய வேண்டியதைவிட, செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியது அதிகம். அம்மா கட்டிய பையுடன் வரும் பிள்ளைக்கு, முதல் நாள் மாலையிலேயே டார்ச் எங்கே, சோப்பு எங்கே என்று தெரியாது. அந்தத் தவிப்பே இருட்டியதும் வீட்டு நினைவாக மாறி அழவைக்கும். ஆசிரியர் தரும் பட்டியலை அவனிடம் கொடுத்து, அவனே எடுத்து வைத்து, அவனே கட்டி, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து பார்க்கட்டும். எதையாவது மறந்திருந்தால் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டாம், மருந்தைத் தவிர. சீப்பு இல்லாமல் ஆறு நாள் இருப்பதால் ஒருவனுக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

வீட்டை விட்டு ஒருநாளும் தங்கியதில்லை என்பதற்கு மருந்து, முன்கூட்டியே தங்கிப் பார்ப்பதுதான். ஏப்ரலில் இரண்டு வார இறுதிகள் சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ அவன் மட்டும் தங்கட்டும். அந்த இரவுகளில் நீங்கள் அழைக்க வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2007-இல் வீட்டு ஏக்கம் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பிள்ளையையும் முடிவெடுப்பதில் சேர்த்துக்கொள்வது, முன்பே பிரிந்திருந்து பழகுவது ஆகியவற்றை வலியுறுத்தும் அந்த அறிக்கை, “பிடிக்கவில்லை என்றால் உடனே வந்து கூட்டிப் போய்விடுகிறேன்” என்று வாக்குக் கொடுக்க வேண்டாம் என்றும் கூறுகிறது. என் அனுபவமும் அதுவே. அந்த வாக்கு பிள்ளையின் காதில், “உன்னால் முடியாது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்” என்றே விழுகிறது. முதல் இரவின் சிறு கலக்கத்துக்கே அவன் அதைப் பற்றிக்கொள்வான். அதற்குப் பதிலாக, முதல் இரண்டு இரவுகளில் வீட்டு நினைவு வரும், எல்லோருக்கும் வரும், அப்போது அணித் தலைவனிடமோ ஆசிரியரிடமோ சொல்லலாம் என்று சொல்லுங்கள். விலாசம் எழுதிய அஞ்சலட்டைகள் இரண்டைக் கொடுத்தனுப்புங்கள். அவன் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அவை வந்து சேரும் என்றாலும், எழுதும் அந்தப் பத்து நிமிடம் அவனுக்குத் தேவைப்படும்.

உங்கள் மாமியாரின் கேள்வியும் நியாயமானதே. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பட்டாளத்துக்காரர்தான். ஆனால் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் அவர் நடத்திய முதல் முகாமில், வசதியான பள்ளிகளில் படித்தவர்களும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுமாக இருபது சொச்சம் சிறுவர்கள் ஒன்றாகத் தங்கினார்கள். துப்பாக்கிப் பயிற்சிக்கு அங்கே இடமில்லை, காட்டில் தடம் பார்ப்பது, முடிச்சிடுவது, சமைப்பது, உயிர்காப்பது இவையே பாடம். இந்தியாவில் 1909-இல் தொடங்கிய இயக்கம் முதலில் ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கானதாகவே இருந்தது. நம் பிள்ளைகளுக்கென்று அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் 1916-இல் தனி இயக்கத்தைத் தொடங்கியது நம் சென்னையில்தான். அந்தப் பிள்ளைகள் தலைப்பாகை கட்டி, இந்தியப் பாடல்களைப் பாடினார்கள். பிரிந்து கிடந்த அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று ஒன்றிணைந்து பாரத சாரணர் இயக்கம் ஆயின. மாமியாரிடம் பெசன்ட் அம்மையார் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது வேலை செய்தது.

அந்தத் தீவில் பேடன் பவல் செய்த இன்னொரு காரியம் உங்கள் கவலைக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. சிறுவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். இன்றும் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியே முகாமின் குடும்பம். அந்த ஆறு நாளும் உங்கள் மகனைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டால், பாதிப் பங்கு ஆசிரியருக்கு, மீதிப் பங்கு பதினான்கு வயது அணித் தலைவன் ஒருவனுக்கு. அவனும் சென்ற ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டோ முதல் இரவில் தலையணையில் முகம் புதைத்தவனாக இருக்கலாம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பதிலிருந்து அந்த உறவு தொடங்கும். (அன்று காலை எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், இரண்டு இட்லி போதும், முன் இருக்கையில் அமர்ந்து வெளியே தூரத்தைப் பார்த்து வரச் சொல்லுங்கள்.)

பிள்ளைகள் ஏன் இதை இவ்வளவு விரும்புகிறார்கள் என்று பெற்றோர் கேட்பதுண்டு. காலையில் பி.பி. சிக்ஸ் எனப்படும் பேடன் பவலின் ஆறு உடற்பயிற்சிகள், கூடாரத் தணிக்கை, கொடியேற்றம் என்று நாள் ஒழுங்காகத் தொடங்கினாலும், அதன் பிறகு நடப்பவை எல்லாம் கைக்கும் காலுக்கும் வேலை. கிளோவ் ஹிட்ச் முடிச்சில் தொடங்கி, மூங்கில் கழிகளையும் கயிற்றையும் மட்டும் கொண்டு செருப்பு வைக்கும் தாங்கியும் பாத்திர மேடையும் கட்டுவார்கள். அது முதல் தடவை சரிந்து விழும், இரண்டாம் தடவை நிற்கும். தரையில் கற்களாலும் சுள்ளிகளாலும் இட்ட தடக்குறிகளைப் பார்த்தபடி, காப்பித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் இடையே ஓர் அணியைத் தேடி இன்னோர் அணி நடக்கும். பாத்திரமில்லாமல் சமைக்கும் நாளில் உருளைக்கிழங்கைக் கங்கில் புதைத்துச் சுட்டு, பாதி கரியும் பாதி வேகாததுமாகத் தின்றுவிட்டு, வீட்டில் இப்படி ஒருநாளும் ருசித்ததில்லை என்பார்கள். அதைக் கேட்டு நீங்கள் வருந்த வேண்டாம்.

மே நடுவில் வானம் தெளிந்த இரவாக அமைந்தால், ஒன்பது மணி வாக்கில் வடக்கே சப்தரிஷி மண்டலமும் தெற்கே தாழ்வாகத் திரிசங்கு எனப்படும் தென்சிலுவையும் ஒரே நேரத்தில் தெரியும். பேடன் பவலின் இங்கிலாந்தில் அந்தத் தென்சிலுவையைக் காண வழியே இல்லை. திசைகாட்டி இல்லாமல் வடக்கையும் தெற்கையும் ஒரே நேரத்தில் விரலால் சுட்டிக்காட்டும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அன்றிரவு படுக்கையைப் பற்றி ஓரளவாவது குறைவாகவே நினைப்பான்.

பாதுகாப்பு குறித்து, முகாமுக்கு முந்தைய பெற்றோர் கூட்டத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர்கள்? பெரியவர்கள் தனிக் கூடாரத்தில் உறங்குவார்களா? எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் தனியே அடைபட்ட இடத்தில் இருக்கக் கூடாது என்ற விதி உண்டா? இரவில் எழுப்புவது கூடாரத்துக்கு வெளியிலிருந்து இருக்கட்டும் என்று மேலே நான் எழுதியதும் இதனால்தான். இப்படிக் கேட்பது ஆசிரியரை அவமதிப்பது ஆகாது; நல்ல ஆசிரியர் அதை வரவேற்பார், முகம் சுளிப்பவரின் முகாமுக்கு அனுப்பத் தேவையில்லை. தனக்குப் பிடிக்காத தொடுதலையோ பேச்சையோ யாரிடமிருந்து எதிர்கொண்டாலும் உடனே சொல்ல வேண்டும் என்பதையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இரவில் தரையில் படுப்பவர்களைக் கட்டுவிரியன் தீண்டுவதுண்டு. அந்தக் கடி பல சமயம் வலிப்பதில்லை என்பதால், விடியலில் காரணம் தெரியாத வயிற்றுவலியோ இமை சரிதலோ இருந்தால் பாம்பை நினைக்க வேண்டும். கொசுவலையைப் படுக்கையின் கீழ் செருகிப் படுப்பது, டார்ச் இல்லாமல் ஓரடியும் எடுத்து வைக்காதிருப்பது, ஷூவை உதறிப் போடுவது என்ற மூன்று பழக்கங்கள் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைத்துவிடும். கடித்த இடத்தைக் கீறுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. 108-ஐ அழைத்து, அசைக்காமல் கீழே கொண்டுவர வேண்டும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. கோடை மழை இடியோடு வரும் மலை அது. இடி கேட்டதும் மரத்தடியையும் கூடாரத்தையும் விட்டுக் கட்டடத்துக்குள்ளோ பேருந்துக்குள்ளோ போக ஏற்பாடு உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். அட்டைப் பூச்சியைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை; கடிக்கும், அரிக்கும், பள்ளியில் சொல்லிக்கொள்ள ஒரு கதை கிடைக்கும்.

திரும்பி வந்தபின் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், புதர்க்காட்டில் தங்கிய விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணிகள் கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் நம் மாநிலத்தில் உண்டு. அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நேரத்தில் கண்டுகொண்டால் டாக்சிசைக்ளின் மருந்தில் விரைவாக அடங்கிவிடும்.

அவன் வந்திறங்கும் அன்று பையை நீங்கள் வாங்கிப் பிரிக்க வேண்டாம். அவனே பிரித்து, அழுக்குத் துணியை அவனே வாளியில் போடட்டும். நீர் ஒழுகாத அந்த உறையில் என்ன இருந்தது, எத்தனை இரவுகள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் துவைத்து உலர்த்திவிடுங்கள். அடுத்த வாரம் மருத்துவரிடம் போகும்போது அலாரக் கருவியைத் தொடங்குவது பற்றி அவனே அவரிடம் பேசட்டும். நீங்கள் வெளியே நாற்காலியில் காத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்